கியூஆர் கோடு ஸ்கேன் செய்து பணம் கொடுப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து விளக்குத்தூண் ஜவுளிக்கடை வரை, கல்லாப் பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் பணம் போய்விடுமோ என்று பயந்து தள்ளி நிற்கும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் வீட்டிலேயே தயாராகிவிடுங்கள். பேங்க் கணக்கில் பதிந்த நம்பரின் சிம், பயன்படுத்தும் போனில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும் என்பதால் ரீசார்ஜும் வேண்டும். பணம் அனுப்பும் ஆப் கூகுள் பே, போன்பே, பீம், எதுவானாலும் சரி. டெபிட் கார்டு விவரம் கொடுத்து 4 அல்லது 6 இலக்க யூபிஐ பின், அதாவது பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண்ணை அமைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வருடத்தை மட்டும் வைக்காதீர்கள்.

கடையில் ஆப்பைத் திறந்து, ஸ்கேன் என்பதைத் தொட்டு, கட்டத்தின் மூன்று மூலைச் சதுரங்களும் திரையில் தெரியும்படி பிடியுங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தால் டார்ச்சைப் போடலாம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-ல் கார் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இது. கொஞ்சம் அழுக்கானாலும் படிக்கும்படி உபரித் தகவலையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பட்டுக் கறையான அட்டையும் பெரும்பாலும் வேலை செய்கிறது.

அடுத்து வருவதுதான் முக்கியமான இடம். திரையில் ஒரு பெயர் வரும். அவசரப்படாமல் அதைப் படியுங்கள். கடைக்காரரின் அட்டைமேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டி ஏமாற்றுவது உண்டு. பணம் அனுப்பியபின் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயரும் வரலாம். அதனால் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்: "அக்கா, பாண்டியம்மாள்னு வருது, சரிதானா?" கூட்டத்தில் நாலு பேர் பின்னால் நின்றாலும் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

சரி என்றால் தொகையைப் போடுங்கள். 50-க்கு 500 விழுந்துவிடவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கையால் மறைத்தபடி பின் போடுங்கள். பச்சை டிக் வந்து, கடையின் சவுண்ட் பாக்ஸும் தொகையைச் சொன்னால் முடிந்தது.

பின் நம்பர் பணம் கொடுக்கத்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. "ரீஃபண்ட் அனுப்புறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

கணக்கில் பணம் கழிந்து, கடைக்குப் போகாமல் நின்றால் உடனே இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். தோல்வியடைந்த பணம் தானாகவே திரும்பும். கடைக்குக் கட்டிய பணமென்றால் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து பேங்கில் கேளுங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அப்புறம், மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. போனைப் பாதுகாப்பறையில் கொடுக்கும் முன்பே பூ, தேங்காய், பழம் வாங்கிவிடுங்கள். உண்டியலுக்கும் அர்ச்சனைக்கும் கையில் சில்லறை இருக்கட்டும்.