சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயங்களை முதன்முறையாகப் பார்க்கச் செல்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் சார்ல்ஸ்டன் நகருக்குப் ‘புனித நகரம்’ என்ற பெயர் நெடுநாளாக வழங்கி வருகிறது. 1670-ல் ஆங்கிலேயர் அமைத்த இந்தக் குடியேற்றத்துக்கு ஆங்கிலிக்கர், பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள், பாப்டிஸ்டுகள், ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியர், ஜெர்மானிய லூத்தரன்கள், கத்தோலிக்கர் எனப் பல பிரிவினரும் வந்து சேர்ந்து, நடந்தே போகக்கூடிய தொலைவுக்குள் தத்தம் ஆலயங்களை எழுப்பிக்கொண்டனர். அட்லாண்டாவிலும் சார்லட்டிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் வார இறுதியில் இங்கே வந்து, குதிரை வண்டியில் அமர்ந்தபடியே கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்நகரத்தின் பாதிதான் கண்ணில் படும். எந்த ஆலயத்துக்குள் நுழைந்தாலும் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், யார் எழுந்து வெளியேறினார்கள் என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசை அந்தக் கேள்வியை வைத்தே அமைக்கப்பட்டது.

படி 1: எந்த நாளில் செல்வதென்று முடிவு செய்யுங்கள்

சனிக்கிழமை நடைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்று இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது. மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் சென்னையைப் போலவே வாட்டும். சனிக்கிழமை பிற்பகலில் பழைய ஆலயங்களில் திருமணங்கள் நடக்கும் என்பதால் உள்ளே பார்க்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். திறந்திருக்கும் நேரம் ஆலயத்துக்கு ஆலயம் மாறும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தந்த ஆலயத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இசையில் விருப்பமுள்ளவர்கள் மே இறுதியில் தொடங்கும் ஸ்போலெட்டோ கலைவிழாவின்போது வரலாம். அந்த நாட்களில் பல ஆலயங்களில் ஆர்கன் இசையும் பாடகர் குழுக்களின் இசையும் கேட்கக் கிடைக்கும்.

படி 2: உள்ளே நடந்துகொள்ளும் முறை

நம் ஊரின் பல ஆலயங்களில் செய்வதுபோல் காலணியை வாசலில் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். ஆராதனை நடக்கும்போது படமெடுக்கக் கூடாது. மற்ற நேரத்தில் வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம். பெரும்பாலும் நுழைவுக்கட்டணம் கிடையாது, ஆனால் காணிக்கைப் பெட்டி இருக்கும். நூற்றாண்டுகள் பழமையான கூரைகளைப் பராமரிப்பது எளிதான செலவன்று என்பதை நினைத்து, இயன்றதைப் போடுங்கள்.

படி 3: செயின்ட் மைக்கேல் ஆலயத்தில் தொடங்குங்கள்

மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் இதுவே, நகரில் இன்று எஞ்சியிருக்கும் ஆலயக் கட்டடங்களுள் மிகப் பழையது. 1752-ல் பணி தொடங்கி, 1761-ல் ஆராதனைக்குத் திறக்கப்பட்டது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கைப் பார்த்தவர்களுக்கு இதன் முகப்பு எங்கோ பார்த்ததுபோல் இருக்கும்; உயரமான தூண்கள் தாங்கும் முன்மண்டபமும் அதன் பின்னிருந்து எழும் கூர்ங்கோபுரமும் சேர்ந்த இந்த அமைப்பு, லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் வழியில் இரண்டு கண்டங்களுக்கும் பரவிய ஒன்று.

உள்ளே சென்றதும் இருக்கைகளைப் பாருங்கள். நாம் பழகிய நீள் பெஞ்சுகள் அல்ல. இடுப்பளவு மரப்பலகையால் நான்கு புறமும் அடைத்து, கீல் வைத்த சிறு கதவும் அதன்மேல் எண்ணும் கொண்ட பெட்டி இருக்கைகள். ஒவ்வொரு குடும்பமும் பணம் கட்டித் தனக்கென ஒரு பெட்டியை வைத்துக்கொண்ட காலத்தின் மிச்சம் அது. 43-ஆம் எண் இருக்கையில் 1791-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமர்ந்து வழிபட்டார். பார்க்க வருவோர் எல்லாரும் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அங்கே நின்று தலையை நிமிர்த்தி மேல்மாடத்தையும் பாருங்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில், வேறெந்தத் துறைமுகத்தையும் விட அதிகமானோர் இறக்கப்பட்டது இந்நகரத்தில்தான். இங்குள்ள பழைய ஆலயங்கள் பலவற்றில் அவர்களுக்குரிய இடம் மேல்மாடமாகவே இருந்தது. கீழே எண்ணிட்ட கதவுகளுக்குள்ளும் மேலே மாடத்திலுமாக ஒரே கூரையின் கீழ் ஒரே ஜெபத்தைச் சொன்னவர்கள் அவர்கள்.

மணியோசை கேட்கும் நேரத்தில் அங்கிருந்தால் சற்று நின்று கேளுங்கள். 1764-ல் லண்டனில் வார்க்கப்பட்ட எட்டு மணிகள் அவை. அமெரிக்க விடுதலைப் போர் முடிவில், 1782-ல், பிரிட்டிஷ் படையினர் அவற்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பின்னர் அவை திரும்பி வந்தன. உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்கென்று கொலம்பியா நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தீயில் சிதைந்தன. எஞ்சிய உலோகம் மீண்டும் லண்டனுக்குச் சென்று வார்க்கப்பட்டு 1867-ல் திரும்பியது.

படி 4: சர்ச் தெருவில் நடங்கள்

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பெயருக்கேற்ற சர்ச் தெரு. தெற்கில், ராபர்ட் மில்ஸ் வடிவமைத்து 1822-ல் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயம் இருக்கிறது. நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து பார்த்தால் போதும். வடக்கே நடந்தால் 1845-ல் கட்டப்பட்ட பிரெஞ்சு ஹியூகனாட் ஆலயம் வரும். பிரான்ஸில் புராட்டஸ்டன்டுகளுக்கு வாழ வழியில்லாமல் போனபோது கடல் கடந்தவர்களின் சபை இது. ஆற்றோரத் தோட்டங்களிலிருந்து படகில் வருவோருக்கு வசதியாக, அந்நாளில் ஆராதனை நேரத்தைக் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்தே குறித்தார்கள் என்று சொல்வார்கள். இன்றும் ஆண்டுக்கொருமுறை, வசந்த காலத்தில், பிரெஞ்சு மொழியில் ஆராதனை நடக்கிறது.

சற்று மேலே சென்றால் தெருவே வளைந்து வழிவிட, சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது செயின்ட் பிலிப் ஆலயம். சபை பதினேழாம் நூற்றாண்டினது. இப்போதுள்ள கட்டடம் 1838-ல் முடிந்தது. சாலையின் மேற்குப் புறக் கல்லறைத் தோட்டத்தில், அடிமை முறையை அரசியல் மேடையில் ஆதரித்து வாதாடியவர்களுள் முதன்மையானவரும் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவருமான ஜான் சி. கால்ஹூனின் சமாதி இருக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 5: கல்லறைத் தோட்டங்கள் வழியே

கேட்வே வாக் என்ற நடைபாதையை இங்குள்ள தோட்டக்கலைச் சங்கம் 1930-ல் அமைத்தது. செயின்ட் பிலிப் தோட்டத்திலிருந்து சர்க்குலர் ஆலயம், கிப்ஸ் கலைக்கூடம், நூலகச் சங்கம் ஆகியவற்றின் வளாகங்களைக் கடந்து, ஆர்ச்டேல் தெருவிலுள்ள யூனிட்டேரியன், லூத்தரன் ஆலயங்கள் வரை இது செல்கிறது. அதிக நேரம் எடுக்காத நடைதான், ஆயினும் இதை அவசரமாக முடிக்க வேண்டாம்.

சர்க்குலர் சபையின் தோட்டம் நகரிலேயே மிகப் பழைய கல்லறைத் தோட்டம். கருஞ்சாம்பல் நிறப் பலகைக் கற்களின் உச்சியில் சிறகு முளைத்த மண்டை ஓடு செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். காலம் செல்லச் செல்ல, அடுத்தடுத்த கற்களில் அந்த மண்டை ஓடு மெல்ல மனித முகமாகவும், பிறகு இறந்தவரின் உருவமாகவும் மாறுகிறது. மரணத்தை அச்சமாகப் பார்த்தவர்கள் நினைவாகப் பார்க்கத் தொடங்கியதைக் குனிந்து நின்று கல்லிலேயே படிக்கலாம். கற்களைத் தேய்த்துப் பிரதி எடுக்கவோ சாய்ந்து நிற்கவோ வேண்டாம், ஓரங்கள் உதிர்கின்றன. யூனிட்டேரியன் தோட்டத்தில் செடிகொடிகளை வேண்டுமென்றே வளரவிட்டிருக்கிறார்கள். அந்த ஆலயம் திறந்திருந்தால், 1850-களில் அமைத்த விசிறி மடிப்புக் கூரையைத் தவறவிடாதீர்கள்; என் கணிப்பில் நகரின் மிக அழகான உட்புறம் அதுதான்.

படி 6: மதர் இமானுவேல்

இந்த ஆலயத்தை மற்றவற்றோடு சேர்த்துப் பட்டியலில் ஒன்றாகப் பார்க்காதீர்கள். தனியே நேரம் ஒதுக்குங்கள். மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்தவர்களின் சபை இது. 1818 வாக்கில், கறுப்பின மக்களைப் புதைத்த நிலத்தின்மேல் வெள்ளை நிர்வாகிகள் சவ வண்டிக் கொட்டகை எழுப்பியதை எதிர்த்து, 4,000-க்கும் மேற்பட்ட கறுப்பின மெதடிஸ்டுகள் தங்கள் சபைகளை விட்டு வெளியேறினார்கள். மோரிஸ் பிரவுன் தலைமையில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை உருவானது. 1822-ல் அச்சபையைச் சேர்ந்த டென்மார்க் வீசி என்பவர் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டு, அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டனர், ஆலயம் அழிக்கப்பட்டது. 1834-ல் கறுப்பினத்தவரின் தனி ஆலயங்களே தடை செய்யப்பட, சபை மறைவாகக் கூடி, உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் வெளியே வந்தது. 1886-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, இப்போதுள்ள வெண்ணிற ஆலயம் 1891-ல் எழுந்தது.

இது நிற்கும் தெருவின் பெயர் கால்ஹூன் தெரு. அருகிலுள்ள மேரியன் சதுக்கத்தில் உயர்ந்த தூணின்மேல் நின்ற கால்ஹூனின் சிலை 2020 ஜூன் மாதத்தில்தான் இறக்கப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2015 ஜூன் 17 அன்று மாலை, இதே ஆலயத்தின் கீழ்த்தளத்தில் வேதபாட வகுப்புக்கு வந்து அமர்ந்த வெள்ளை இன வெறியன் ஒருவன், தன்னை வரவேற்று இடம் கொடுத்தவர்களில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னியும் அவர்களுள் ஒருவர். இரண்டு நாள் கழித்து, நீதிமன்றத்தில் உறவினர்கள் சிலர் கொலையாளியிடமே ‘மன்னிக்கிறேன்’ என்று கூறினர். வாசலில் சிரித்தபடி செல்ஃபி எடுப்பவர்களைக் காண மனம் நோகிறது. அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கே ஆராதனைக்கு வருகின்றன என்பதை எண்ணி அமைதியாக நில்லுங்கள்.

படி 7: ஞாயிறு ஆராதனையில் அமர்தல்

சாத்தியமென்றால் மதர் இமானுவேல் ஆராதனைக்கே செல்லுங்கள். நல்ல உடை அணிந்து, பத்து நிமிடம் முன்னதாகப் போய், வரவேற்பாளர் காட்டும் இடத்தில் அமருங்கள். பிரசங்கத்துக்குச் சபையார் குரல் கொடுத்துப் பதிலளிப்பார்கள், பாடல் நீளும், நடுவில் எழுந்து போகாமல் இருக்கப் போதிய நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

பழைய ஆங்கிலேய மரபு ஆலயங்களுக்குச் செல்வதானால் ஒன்றைத் தெரிந்துகொள்வது உதவும். 2012-ல் இங்குள்ள மறைமாவட்டம், ஆங்கிலிக்க மரபின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோபல் திருச்சபையிலிருந்து பிரிந்தது. செயின்ட் மைக்கேலும் செயின்ட் பிலிப்பும் இன்று ஆங்கிலிக்கன் என்ற பெயரிலும், வென்ட்வொர்த் தெருவிலுள்ள கிரேஸ் ஆலயம் எபிஸ்கோபல் என்ற பெயரிலும் இயங்குகின்றன. சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் வளர்ந்தவர்களுக்கு இரண்டிலும் ஜெபப் புத்தகத்தின் ஓட்டம் பழக்கமானதாகவே இருக்கும். பொதுவாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் திருவிருந்தில் பங்கெடுக்கலாம். பிராட் தெருவிலுள்ள கத்தோலிக்கப் பேராலயத்தில் கத்தோலிக்கருக்கு மட்டுமே நற்கருணை. மற்றவர்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து முன்சென்றால் குரு ஆசி வழங்குவார். கிறிஸ்தவர் அல்லாதோர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

படி 8: புதிய தலைமுறைச் சபை ஒன்று

கூப்பர் ஆற்றின்மேல் 2005-ல் திறந்த ரேவனெல் பாலத்தைக் கடந்தால் மவுன்ட் பிளசன்ட். 1988-ல் தொடங்கப்பட்ட சீகோஸ்ட் சபை இங்கிருந்து வளர்ந்து பல இடங்களில் வளாகங்களைக் கொண்டிருக்கிறது. கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் இங்கே தேட வேண்டாம். பெரிய அரங்கம், திரைகள், கித்தாரும் டிரம்ஸும் கொண்ட இசைக்குழு, கையில் காப்பியோடு வருவோர் என்றிருக்கும். பழைய ஆலயங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள், அது சரியான பார்வை அல்ல. குடும்பத்துக்கென எண்ணிட்ட கதவுகளும் மேல்மாடமும் இல்லாத இடத்தில், முதலில் வந்தவர் முன்னால் உட்காருகிறார். யாரோடு யார் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் என்று இங்கும் கவனியுங்கள், பழைய நகரத்தில் கேட்ட அதே கேள்விக்கு இன்றைய விடை என்னவென்று நீங்களே காணலாம்.

குழந்தைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. முன்கூடத்தில் பதிவு செய்துவிட்டு, அவர்கள் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியும். புதிதாக வந்தவர்களுக்கான அட்டையில் பெயரை மட்டும் எழுதலாம். தொலைபேசி எண்ணையும் எழுதினால் அந்த வாரத்திலேயே அழைப்பு வரக்கூடும், விருப்பமிருந்தால் எழுதுங்கள்.