ஜப்பானில் சம்பளம் ஏறாமல் தடுத்த பொடி எழுத்து

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளம் கணக்கில் ஏறவில்லை. அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது என்றார்கள் அலுவலகத்தில். 3 இலக்கக் கிளை எண், 7 இலக்கக் கணக்கு எண் இரண்டையும் பார்த்தோம், சரியாகவே இருந்தன. அப்பா பெயரை முன்னே போட்டு, பின்னே போட்டு, இடைவெளியை எடுத்தும் பார்த்தாயிற்று. வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்ததுதான் மிச்சம். கணக்கில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் பாஸ்புக்கின் உள்பக்கத்தில் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) அச்சாகியிருந்த பெயரையும் அலுவலகத்தில் கொடுத்த சம்பளப் படிவத்தில் இருந்ததையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். என் பெயரில் ஒரு 'ஜே' உண்டு. கத்தகானாவில் 'ஜி' போட்டு, பக்கத்தில் பொடியாக ஒரு 'எ' போடுவார்கள். பாஸ்புக்கில் அந்த 'எ' முழு அளவில் நின்றது! வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் முறையில் பொடி எழுத்துக்கே இடமில்லை, எல்லாம் பெரிதாகிவிடும். நெடிலுக்கான கோடும் அங்கே வெறும் ஹைஃபன்தான். நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றில் இந்த இரண்டில் ஒன்றாவது வந்துவிடும்.

பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை பணம் ஏறிவிட்டது, அப்பாடா. மொபைல் கட்டணத்தைக் கணக்கிலிருந்து எடுப்பதற்கான படிவத்திலும் இப்போது அதே பெயரைத்தான் எழுதுகிறேன்.