வள இறையாண்மை வாதுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களின் வாதுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். வழக்கு இயற்கை வளம் பற்றியது என்றால் முதல் பக்கத்திலேயே ஐ.நா. பொதுச்சபையின் 1803ஆம் தீர்மானம் வந்துவிடும். தங்கள் இயற்கை வளங்களின் மேல் மக்களுக்கும் நாடுகளுக்கும் நிரந்தர இறையாண்மை உண்டு என்கிறது அதன் முதல் பத்தி; இதைத்தான் வள இறையாண்மை என்கிறோம். 1962 டிசம்பர் 14 என்ற தேதியும் சரியாகவே இருக்கும். எண், தேதிப் பிழைகளை விட்டுவிடுகிறேன். நான் ஒரு காலத்தில் செய்து, இப்போது இவர்களும் செய்கிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாக் கொள்ளைக்கும் ஒரே கோட்பாடு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. மாணவனாக இருந்தபோது எனக்குக் கிடைத்த கற்பனை வழக்கில் அண்டை நாட்டுப் படை எல்லை தாண்டி வந்து சுரங்கங்களைச் சூறையாடுகிறது. வளம் எங்கள் நாட்டினுடையது, ஆகவே வள இறையாண்மை மீறப்பட்டது என்று வாதுரை முழுவதையும் அதன் மேலேயே கட்டினேன். நடுவர் கேட்டது ஒரே கேள்வி: "காங்கோ வழக்கின் 244ஆம் பத்தியை முழுதாகப் படித்தீர்களா?"

நான் பாதிதான் படித்திருந்தேன். காங்கோ ஜனநாயகக் குடியரசு உகாண்டா மீது தொடுத்த வழக்கில், வள இறையாண்மை வழக்காற்றுச் சட்டக் கோட்பாடு (நாடுகளின் நடைமுறையால் உருவாகி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவது) என்று சர்வதேச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். ஆனால், தலையிட்ட நாட்டுப் படையினர் நடத்தும் கொள்ளைக்கு இந்தக் கோட்பாடு பொருந்தும் என்று பொதுச்சபைத் தீர்மானங்கள் எதிலும் காணவில்லை என்று அதே பத்தி தொடர்கிறது.

அதனால் உகாண்டா தப்பிவிடவில்லை. கொள்ளையைத் தடைசெய்யும் போர்ச்சட்ட விதிகள் அதைப் பிடித்தன. காங்கோவின் இத்தூரி பகுதியை ஆக்கிரமித்திருந்த நாடு என்ற முறையில், அங்கே கொள்ளையைத் தடுக்காமல் விட்டதற்கும் அது பொறுப்பானது. 2022இல் விதிக்கப்பட்ட 32.5 கோடி டாலர் இழப்பீட்டில் 6 கோடி இயற்கை வளங்களுக்கானது.

தவறான கோட்பாட்டைப் பிடித்தால் தவறான சான்றுகளையே தேடுவோம். தங்கம் யாருக்குச் சொந்தம் என்று காட்டப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். அதை எதிர்த்தரப்பு மறுக்கப் போவதே இல்லை. அந்தப் படை யார் கட்டளையில் இருந்தது, எந்தப் பகுதி அதன் பிடியில் இருந்தது, மேலதிகாரிகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பவைதான் வழக்கைத் தீர்மானிக்கும். அவற்றுக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்குவதில்லை. உண்மையில் கொள்ளை போன மக்களுக்காக நாளை இவர்கள் வாதாடப் போகிறார்கள் என்பதால் இதை விட மனம் வரவில்லை.

1803இன் முதல் பத்தியோடு நிற்பது

நான்காம் பத்தி நாட்டுடைமையாக்க அனுமதிக்கிறது. கூடவே தகுந்த இழப்பீடும் கேட்கிறது. விருப்பத்தோடு செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தங்களை நல்லெண்ணத்தோடு கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது எட்டாம் பத்தி. இரண்டும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். இழப்பீட்டை உள்நாட்டுச் சட்டத்திடம் விடும் 1974ஆம் ஆண்டின் 3281ஆம் தீர்மானத்தைக் காட்டி இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். டெக்சாகோ எண்ணெய் நிறுவனத்துக்கும் லிபிய அரசுக்கும் இடையிலான வழக்கில் 1977இலேயே நடுவர் டுபுய் இரண்டையும் பிரித்துவிட்டார்: 1803 வழக்காற்றுச் சட்டத்தைக் காட்டுகிறது, 3281 காட்டவில்லை.

கடலிலும் 'இறையாண்மை' என்று எழுதுவது

12 கடல் மைல் வரை இறையாண்மை. அதைத் தாண்டி 200 மைல் வரை, வளங்களை ஆராயவும் எடுக்கவும் உதவும் 'இறையாண்மை உரிமைகள்' மட்டுமே.

வளம் அரசுக்கு என்று முடித்துவிடுவது

1803 'மக்களும் நாடுகளும்' என்கிறது. 1966இன் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளிலும் முதல் உறுப்பு மக்களைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லை எழுதியதும் வழக்கு வென்றுவிடாது. கிழக்குத் திமோரின் கடலடி வளம் பற்றி ஆஸ்திரேலியாவும், அப்போது திமோரைத் தன் பிடியில் வைத்திருந்த இந்தோனேசியாவும் 1989இல் ஒப்பந்தம் போட்டன. திமோரை முன்பு ஆண்ட போர்ச்சுகல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமையை எல்லா நாடுகளும் மதிக்கக் கடமைப்பட்டவை என்று 1995இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தோனேசியா வழக்கில் ஒரு தரப்பாக இல்லாததால் தீர்ப்பு வழங்கவில்லை. ஆகவே யாரை, எந்த மன்றத்தில் நிறுத்த முடியும் என்பதை முதலில் எழுதச் சொல்கிறேன். வளம் யாருடையது என்ற பகுதி அதன் பிறகு வரட்டும்.