கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள்

முதலில் பிராசசரை முடிவு செய்யுங்கள்; மதர்போர்டில் அது உட்காரும் இடமான சாக்கெட் அதற்குப் பொருந்த வேண்டும். ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 தலைமுறை ரேம் மட்டுமே ஏறும். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில்தான் குழப்பம்: சில போர்டு டிடிஆர்4, சில டிடிஆர்5. இரண்டு ரேமுக்கும் 288 உலோகப் பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

சாக்கெட் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கிறதா? போர்டை இயக்கத் தொடங்கும் மென்பொருளான பயாஸ் பழசாக இருக்கலாம். ஏஎம்5 வகையான பி650 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 9000 பிராசசர் வரிசையைப் போடும்போது இந்தத் தொல்லை வரும். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாகப் பயாஸை ஏற்றும் பட்டன் போர்டில் இருந்தால் தப்பித்தீர்கள்.

கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் கேஸ் அளவோடு மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள்.

பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. பிளக் கச்சிதமாக உட்காரும்; உள்ளே பின்களின் வரிசை வேறாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.