பாட்டு வகுப்பில் குரலைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

குரல் நன்றாக வர வேண்டும் என்றுதான் எல்லோரும் பாட்டு வகுப்பில் சேருகிறார்கள். சில மாதங்களில் தொண்டை கரகரக்கிறது, மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') குரல் பிசிறுகிறது, "எனக்குக் குரல் இல்லைங்க" என்று நின்றுவிடுகிறார்கள். பலருக்குக் குரலில் எந்தக் குறையும் இருப்பதில்லை. வேறு யாருக்கோ பொருந்தும் கட்டையில் பாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கர்நாடக சங்கீத வகுப்பைத்தான் சொல்கிறேன். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணி, நம் ஷட்ஜம் எதில் நிற்கிறதோ அதை நம் கட்டை என்கிறோம். இடையிலுள்ள கறுப்புகள்தான் ஒன்றரை, ஐந்தரை எல்லாம். பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டைக்குள், பெண்கள் நாலரை முதல் 6 கட்டைக்குள் பாடுவார்கள். வகுப்பில் நடப்பது என்ன? பத்துப் பிள்ளைகள், ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் ஒரே சுருதிப் பெட்டி, அதுவும் டீச்சரின் கட்டையில். ஐந்தரைக் கட்டை டீச்சரிடம் பாடும் சின்னப் பையனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும்போதுதான் சிக்கல். குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள தூரம்) கீழே இறங்குகிறது. அப்போதும் பழைய கட்டையிலேயே பாட வைத்தால் பையன் கத்துவான், இல்லாவிட்டால் பாட்டையே விட்டுவிடுவான். அந்த ஓரிரு வருடம் கட்டையை அடிக்கடி மாற்றிப் பார்த்து, அவனுக்கு எட்டுகிற ஸ்வரங்களுக்குள் பாட விட வேண்டும். ஆண் ஆசிரியரிடம் கற்கும் பெண்களுக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்: இரண்டு கட்டையில் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டிருப்பார்கள்.

சரி, நம் கட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வெறும் காற்றாகப் போகாமல் காதில் விழ வேண்டும். மேலே தார ஸ்தாயி காந்தாரத்தையாவது (மேல் ஸ்தாயி 'க') கழுத்து நரம்பு புடைக்காமல் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கிற கட்டைதான் உங்களுடையது. புதிதாகக் கற்பவருக்கு இரு முனையும் உடனே எட்டாது. நடு ஸ்தாயி சௌகரியமாக இருந்தால் இப்போதைக்குப் போதும். பிடித்த பாடகரின் கட்டையை எடுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

அடுத்தது, குருவோடு கூடவே பாடுவது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குரல் உங்கள் குரலை மூடிக்கொள்ளும். அவர் தொட்ட ஸ்வரத்தை நீங்களும் தொட்டதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து தனியாகப் பாடும்போது ஒன்றும் நிற்காது. அவர் பாடும்போது வாயை மூடிக் கேட்பதும், அவர் நிறுத்தியதும் தனியாகத் திருப்பிப் பாடுவதும்தான் பாடம்.

முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் வைத்திருப்பதும் காதுக்கான பயிற்சிதான். அந்த ராகத்தில் ரிஷபம் ('ரி') ஷட்ஜத்தை ஒட்டி இருக்கும். அடுத்த காந்தாரம் நன்றாகத் தள்ளி நிற்கும். ஆரோகணத்தில் (ஏறும்போது) பலருக்கு ரிஷபம் கொஞ்சம் மேலே வழுக்கிவிடும். க ரி ஸ என்று இறங்கும்போதோ, ரிஷபம் வரை முழுசாக இறங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டு ஷட்ஜத்துக்குத் தாவுவார்கள். முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) இது அப்பட்டமாகத் தெரியும். மூன்றாம் காலத்தில் ஓட்டினால் காதிலேயே விழாது, திறமை வந்துவிட்டது என்ற நினைப்பும் வந்துவிடும். ஒரு வருடத்தில் வர்ணம் (அடிப்படைப் பயிற்சிகளுக்கு அப்புறம் வரும் பாடம்), மார்கழிப் போட்டிக்கு ஒரு பாட்டு என்று அவசரப்படுகிற வீடுகளில் இந்த ரிஷபம் கடைசிவரை சரியாவதில்லை. (போட்டிப் பாட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிக் கொடுக்கிற வகுப்புகளும் இருக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை இருக்கும்.)

மேலே போகும்போது வாயைக் குறுக்கி, மென்மையாகச் சமாளிப்பது கள்ளக்குரல். அக்கம்பக்கத்தில் கேட்குமே என்ற கூச்சத்தில் வாய்க்குள்ளேயே பாடிப் பழகுவதால் வருவதுதான் பெரும்பாலும். வாயைத் திறந்து அகாரத்தில் ('ஆ' என்று) ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்திப் பாடினால், குரல் எந்த இடத்தில் ஒளிந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சகிக்காது, பரவாயில்லை. தம்புரா ஆப்பை இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக் கேட்டபடி பாடுகிறவர்கள் ஒரு காதையாவது கழற்றிவிடுங்கள். தன் குரல் சரியாகக் கேட்காதவர் தன்னை அறியாமல் கத்துவார்.

ஆன்லைன் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இரைச்சலைக் குறைக்கும் வசதி, தம்புராவையும் நீங்கள் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் சரியாகப் பாடியதும் டீச்சருக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேரும்.

சாதகத்தை, அதாவது வீட்டுப் பயிற்சியை, ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துவைத்து இரண்டு மணி நேரம் பாடுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். எழுந்ததும் நேராகத் தார ஸ்தாயிக்குப் போகாதீர்கள். கீழ் ஸ்வரங்களில் மெதுவாகத் தொடங்குங்கள்.

கைவைத்தியம் பற்றி. பனங்கற்கண்டும் மிளகும் இதமாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். பாடுவதற்கு முன் ஒரு மடக்குக் குடித்தால் அது அவற்றைத் தொடக்கூடத் தொடாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தால்தான் பலன். அடிக்கடி செருமுவது குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவிடும், அதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை.

சளி இல்லாமலேயே மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் வகுப்பை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சின்னக் கேமராவை விட்டு குரல்நாண்களைப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். முடிச்சு மாதிரி ஏதாவது தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்கு ஓய்விலும் குரல் பயிற்சியிலுமே சரியாகிவிடுகிறது.