ஒரு பைட்டும் தொலையாமல்: எஸ்டிஎம்32 போர்டில் இன்டரப்ட் யூஆர்ட்டைச் சோதிக்கும் முறை

டெர்மினலில் "ஹலோ வேர்ல்ட்" வந்ததுமே சீரியல் வேலை (அதாவது பைட்டைப் பிட் பிட்டாக வயரில் அனுப்பிப் பெறும் யூஆர்ட்) முடிந்ததென்று பலரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிஸ்டம் சும்மா இருக்கும்போது சீரியல் ஒழுங்காகத்தான் ஓடும். நாலு டாஸ்க்கும் இரண்டு டைமரும் சேர்ந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் எப்போதாவது ஒரு பைட் காணாமல் போகும். அதைத் தேடிப் பிடிப்பது மிகக் கஷ்டம். அதனால் என் கட்சி இதுதான்: எந்தச் சுமையில் உடைகிறது என்று நீங்களே உடைத்துப் பார்க்காதவரை யூஆர்ட்டைச் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

இந்தப் பதிவுக்கு எஸ்டிஎம்32 சிப் உள்ள நியூக்ளியோ-எஃப்446ஆர்இ போர்டையும் ஃப்ரீஆர்டாஸையும் (பல டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓடவிடும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) எடுத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு ஜம்பர் வயர், 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர், முடிந்தால் 24 மெகாஹெர்ட்ஸ் ரகத்தில் மலிவான லாஜிக் அனலைசர் ஒன்று. பழைய கம்ப்யூட்டரின் ஆர்எஸ்-232 போர்ட்டை மட்டும் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் மைனஸ் வோல்டேஜும் வரும், சிப் போய்விடும்.

முதலில் ஒரு கணக்கு

115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்), 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட். அதாவது நொடிக்கு 11,520 பைட். ஒரு பைட்டுக்கு 86.8 மைக்ரோ செகண்ட். இந்த 86.8-ஐ எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

எஃப்446-இன் யூஆர்ட்டில் ஃபைஃபோ (வந்த பைட்களை வரிசையில் காக்கவைக்கும் இடம்) கிடையாது. ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் பிட் பிட்டாகச் சேர்ந்த பைட், முழுதானதும் டேட்டா ரெஜிஸ்டருக்கு வரும். அடுத்த பைட் முழுதாவதற்குள் நாம் அதை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் புதிய பைட் தொலையும், ஓவர்ரன் கொடி ஏறும். பழைய பிசிகளில் இருந்த 8250 சிப்புக்கும் இதே தொல்லைதான். 16 பைட் ஃபைஃபோவோடு 16550ஏ வந்த பிறகே நிலைமை சீரானது.

சிப் 180 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் 86.8 மைக்ரோ செகண்ட் என்பது சுமார் 15,600 கிளாக். சிப்பின் மூளையான கார்டெக்ஸ்-எம்4, இன்டரப்ட்டுக்குள் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு அவசர வேலையைக் கவனிப்பது) நுழைய 12 கிளாக் போதும். தாராளமாக நேரம் இருக்கிறது, வேறு யாராவது இன்டரப்ட்டை அடைத்து வைக்காதவரை.

படி 1: பிரயாரிட்டி

க்யூப்எம்எக்ஸில் (எஸ்டிஎம்32 சிப்பின் செட்டிங்குகளை அமைக்கும் மென்பொருள்) யூஎஸ்ஆர்ட்1-ஐ, அதாவது சிப்பின் முதல் யூஆர்ட்டை, இயக்குங்கள். டிஎக்ஸ் (அனுப்பும் பின்) பிஏ9, போர்டில் டி8. ஆர்எக்ஸ் (பெறும் பின்) பிஏ10, போர்டில் டி2. யூஎஸ்ஆர்ட்2 ஏற்கெனவே எஸ்டி-லிங்க்கோடு (போர்டிலேயே உள்ள யூஎஸ்பி புரோகிராமர்) இணைந்திருக்கிறது. அதை லாக் (ஓடும்போது வரும் செய்திகள்) பார்க்க வைத்துக்கொள்வோம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கார்டெக்ஸ்-எம்மில் எண் குறைந்தால் பிரயாரிட்டி கூடும்: 0 உச்சம், 15 கடைசி. ஃப்ரீஆர்டாஸ் ஃபங்ஷனைக் கூப்பிடும் இன்டரப்ட்டின் எண், கான்ஃபிக் ஃபைலில் உள்ள எல்லைக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். க்யூப்எம்எக்ஸ் தரும் எல்லை 5. அவசரம் என்று நினைத்து யூஆர்ட்டுக்கு 2 கொடுத்தால் கெர்னலின் உள் பட்டியல்கள் கெட்டுப்போகும், எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் கிராஷ் ஆகும். ஃப்ரீஆர்டாஸின் சோதனை வசதியான கான்ஃபிக்அசெர்ட்டை இயக்கி வைத்திருந்தால் இந்தத் தப்பை அதுவே பிடித்துக் கொடுக்கும்.

படி 2: ஐஎஸ்ஆரும் நான்கு கவுண்டர்களும்

ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பைட்டை எடு, ஸ்ட்ரீம் பஃபரில் (டாஸ்க் படிக்கும்வரை பைட்களை வைத்திருக்கும் ஃப்ரீஆர்டாஸ் வரிசை) போடு, டாஸ்க்கை எழுப்பு. பெயரில் ஃப்ரம்ஐஎஸ்ஆர் என்று முடியும் ஃபங்ஷன்களை மட்டுமே பயன்படுத்துங்கள். உள்ளே பிரிண்ட்எஃப் கூடவே கூடாது.

இவற்றோடு நான்கு கவுண்டர்கள்: வந்த பைட்கள், ஓவர்ரன், ஃப்ரேமிங் எரர் (ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதது), பஃபர் நிரம்பியதால் தள்ளிவிட்டவை. கடைசி மூன்றையும் ஒரே "எரர்" கவுண்டரில் கலந்துவிடாதீர்கள். ஓவர்ரன் ஏறினால் ஐஎஸ்ஆர் நேரத்துக்கு ஓடவில்லை. பஃபர் நிரம்பினால் ஐஎஸ்ஆர் சரி, படிக்கும் டாஸ்க்தான் தாமதம். ஃப்ரேமிங் எரர் என்றால் பாட் ரேட், வயர் அல்லது கிரவுண்ட் பக்கம் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

படி 3: வயரைக் கண்ணால் பாருங்கள்

ஹெக்ஸில் 55-ஐத் தொடர்ந்து அனுப்புங்கள். யூஆர்ட் வலக்கோடியில் உள்ள, மதிப்பு மிகக் குறைந்த பிட்டை முதலில் அனுப்பும். ஸ்டார்ட் 0, பிறகு 1, 0, 1, 0 என்று போய் ஸ்டாப் 1-இல் முடியும். இடைவெளி இல்லாமல் அனுப்பினால் லாஜிக் அனலைசரில் சுத்தமான சதுர அலை தெரியும், 57,600 ஹெர்ட்ஸ். ஒரு பிட்டின் அகலத்தை அளந்து பாருங்கள்: 8.68 மைக்ரோ செகண்ட் வர வேண்டும். இரண்டு மடங்கு, பாதி என்று வந்தால் கிளாக் செட்டிங் தப்பு. இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

படி 4: லூப்பேக்

டி8-ஐயும் டி2-ஐயும் ஜம்பரால் இணையுங்கள். போர்டு அனுப்புவது அதற்கே திரும்பி வரும். ஒரு டாஸ்க் 0 முதல் 250 வரை எண்ணி மறுபடி 0-இலிருந்து அனுப்பட்டும். இன்னொன்று படித்து, அடுத்து வர வேண்டிய எண்தானா என்று பார்க்கட்டும். ஏன் 255 வரை போகவில்லை? 256 பைட் பஃபர் ஒன்று மொத்தமாகத் தொலைந்தால், 256-இல் சுழலும் வரிசை எதுவும் நடக்காததுபோல் தொடரும். 251 பகா எண், ஒளிந்துகொள்ள இடம் கொடுக்காது.

எஸ்டி நிறுவனம் தரும் ஹால் லைப்ரரியின் பழைய பதிப்புகளில் ஒரு சிக்கல் இங்கேதான் வெளிப்படும். அனுப்பவும் பெறவும் ஒரே பூட்டு. டாஸ்க் அனுப்பத் தொடங்கும் அதே கணத்தில் ஐஎஸ்ஆர் அடுத்த பைட்டைப் பெறச் சொல்லிக் கேட்டால் "பிஸி" என்று பதில் வரும். அந்தப் பதிலைப் பார்க்காமல் விட்டால் ரிசீவ் அதோடு நின்றுவிடும். ரிட்டர்ன் வேல்யூவை எப்போதும் பாருங்கள்.

லூப்பேக்கில் இரு முனைக்கும் ஒரே கிளாக் என்பதால் பாட் ரேட் பிழை தெரியாது. இது ஜெயித்தால் பாதி வேலைதான் முடிந்தது.

படி 5: வேறொரு கிளாக்கோடு

ஜம்பரை எடுத்துவிட்டு யூஎஸ்பி கன்வெர்ட்டரை இணையுங்கள். டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. பைத்தானில் பைசீரியல் கொண்டு அதே 251 வரிசையை அனுப்புங்கள். பிறகு 0 முதல் 255 வரை எல்லா மதிப்பையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (சில பைட்களை "நிறுத்து", "தொடர்" என்ற கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் முறை) நமக்குத் தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தால் 17-உம் 19-உம் காணாமல் போகும்.

ரிசீவர் ஒவ்வொரு பிட்டையும் நடுவில் பார்க்கிறது. ஸ்டாப் பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தூரம். அதற்குள் அரை பிட் நகர்ந்தால் போச்சு. ஆக மொத்த வித்தியாசம் ஏட்டளவில் 5 சதவீதம். நடைமுறையில் 2 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ யூனோவில் 115200-க்கு சாதாரண மோடில் 3.5 சதவீதம், இரட்டை வேக மோடில் 2.1 சதவீதம் பிழை வருகிறது. யூனோவை மறுமுனையில் வைத்துச் சோதிப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

படி 6: வேண்டுமென்றே உடையுங்கள்

எனக்கு மிகப் பிடித்த கட்டம். இதை லூப்பேக்கில் செய்யாதீர்கள்: இன்டரப்ட்டை அடைத்தால் அனுப்புவதும் சேர்ந்து தடைபடும், முடிவு நம்பும்படி இருக்காது. கம்ப்யூட்டர் இடைவெளியின்றி அனுப்பிக்கொண்டிருக்கட்டும்.

பிரயாரிட்டி 1-இல் ஒரு டைமர் இன்டரப்ட் வையுங்கள், 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. அதனுள் ஃப்ரீஆர்டாஸ் ஃபங்ஷன் எதுவும் வேண்டாம். சிப்புக்குள் கிளாக்கை எண்ணும் டிடபிள்யூடி சைக்கிள் கவுண்டரைப் பார்த்துக்கொண்டு வெறுமனே காத்திருக்க வேண்டும். 100 மைக்ரோ செகண்டுக்கு 18,000 சைக்கிள்.

காத்திருப்பு 50, 80 மைக்ரோ செகண்ட் என்றால் ஓவர்ரன் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். 100-இல் ஆறேழு தடவைக்கு ஒரு தடவை வரும். 150-இல் நாலில் மூன்று தடவை. 173.6-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும். காரணம், அடைப்பு நேரத்துக்குள் இரண்டு பைட் முடிந்தால்தான் ஓவர்ரன். 87-க்கும் 173-க்கும் இடையில் அது அடைப்பு எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கவுண்டர் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 60-இலேயே ஏறத் தொடங்கினால் வேறெங்கோ நீளமான கிரிட்டிக்கல் செக்‌ஷன் (இன்டரப்ட்டை அடைத்து வைத்து ஓடும் கோட்) ஒன்று இருக்கிறது. ஓவர்ரன் 1-ஐத் தொட்டதும் எல்லாக் கவுண்டரும் உறைந்துவிட்டால், ஓவர்ரனுக்குப் பிறகு ஹால் ரிசீவை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். எரர் கால்பேக்கில் (பிழை வந்ததும் ஹால் கூப்பிடும் ஃபங்ஷன்) ரிசீவை மறுபடி தொடங்கி வையுங்கள்.

அடுத்து டாஸ்க் பக்கம். 256 பைட் ஸ்ட்ரீம் பஃபர் 22.2 மில்லி செகண்டில் நிரம்பும். படிக்கும் டாஸ்க்கைவிட உயர்ந்த பிரயாரிட்டியில் ஒரு டாஸ்க் 20 மில்லி செகண்ட் விடாமல் ஓடினால் ஒன்றும் தொலையக் கூடாது. 25 ஓடினால் நிரம்பல் கவுண்டர் மட்டும் ஏற வேண்டும், ஓவர்ரன் அசையக் கூடாது.

படி 7: வயரைப் பிடுங்குங்கள்

டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்எக்ஸ் வயரை உருவி, மறுபடி செருகுங்கள். ஃப்ரேமிங் எரர் சில ஏறலாம், வரிசை உடையும், அது சரிதான். ரீசெட் பட்டனைத் தொடாமல் வரிசை தானாக மீண்டும் ஒட்டிக்கொள்கிறதா என்பதே கேள்வி. ஒட்டிக்கொண்டால், உங்கள் நிஜ டாஸ்க்குகள் அனைத்தையும் ஓடவிட்டு, நான்கு கவுண்டரையும் நிமிடத்துக்கு ஒருமுறை யூஎஸ்ஆர்ட்2-இல் அச்சிடச் சொல்லி ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள்.