பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரைப் பங்குகொள்ளச் செய்வது எப்படி?

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைப் பார்த்து, இவர்களுக்கு அக்கறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவது பள்ளிகளில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் வராதவர்களில் பலர் ஒரு நாள் வருமானத்தை இழக்க இயலாதவர்கள். சிலர் தாங்கள் படித்த காலத்தில் பட்ட அவமானத்தை இன்னும் மறக்காதவர்கள். வேறு சிலர், வந்தால் புகார்தான் காதில் விழும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். ஆகவே தலைமையாசிரியர் இவர்களை வரவழைக்கும் வழியைத் தேடுவதற்கு முன், பள்ளி இதுவரை இவர்களுக்கு என்னென்ன தெரிவித்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

எந்த வகைப் பங்கேற்பு பலன் தருகிறது என்பதில் ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது. நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளை நான்சி ஹில், டயானா டைசன் ஆகிய இருவரும் 2009இல் தொகுத்துப் பார்த்தபோது, கல்வியின் பயனைப் பற்றிப் பேசுவது, எதிர்பார்ப்பைத் தெரிவிப்பது, மேற்படிப்பைச் சேர்ந்து திட்டமிடுவது போன்றவையே மதிப்பெண்ணோடு மிக வலுவாகத் தொடர்புகொண்டிருந்தன. வீட்டுப்பாடத்தில் உதவுவது அப்படிப் பலன் தரவில்லை. ஏற்கெனவே திணறும் பிள்ளைக்கே பெற்றோர் அதிகம் உதவுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும், பெற்றோரை வீட்டில் இன்னோர் ஆசிரியராக்கும் முயற்சியைக் கைவிட இதுவே போதும்.

கல்வியாண்டு தொடங்கிய மூன்று வாரங்களுக்குள், சிக்கல் எதுவும் எழுவதற்கு முன்பே, வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீட்டையும் ஒரு முறை தொடர்புகொள்ள வேண்டும். ‘நன்றாகப் படிக்கிறான்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘பின்னங்களைக் கூட்டும்போது செய்த தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினான்’ என்று சொன்னால், தன் பிள்ளையை இந்த ஆசிரியர் கவனிக்கிறார் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு வரும். பிறகு ஒரு நாள் குறையைச் சொல்ல நேர்ந்தாலும் அவர்கள் காது கொடுப்பார்கள்.

அடுத்து, செய்தி குறுகியதாகவும் தொடர்ச்சியாகவும் போகவேண்டும். அமெரிக்காவில் தேர்ச்சி பெறாத உயர்நிலை மாணவர்களுக்கான கோடைக்கால வகுப்பு ஒன்றில், வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் பெற்றோருக்கு அனுப்பப்பட்டது. மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, பாடத்தை முடிக்கத் தவறியவர்களின் விகிதம் 15.8இலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தது. பாராட்டைவிட, எதைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்ன வாக்கியங்களே கூடுதல் பலன் தந்தன. ‘இந்த வாரம் இரண்டு கட்டுரைகள் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் தரலாம்’ என்ற அளவில் எழுதினால் போதும். அதை வீட்டில் பேசும் மொழியில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல்பதிவாக அனுப்புங்கள்.

வருகைப்பதிவையும் இப்படியே தெரிவிக்கலாம். தங்கள் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மொத்த நாள்களின் எண்ணிக்கையை அவ்வப்போது தெரிவிப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வீட்டுப்பாடத்தில் பெற்றோருக்கு ஓர் இடம் கொடுக்க விரும்பினால், பிள்ளை விளக்க, அவர்கள் கேட்கும்படியான வேலையைத் தாருங்கள். அன்று படித்த ஒன்றை ஐந்து நிமிடம் சொல்லிக்காட்டுவதும், பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டு அவர்கள் பதிலைக் குறித்துவருவதும் இவ்வகையில் சேரும். பள்ளிக்கூடம் போகாத தாயும் இதில் முழுமையாகப் பங்குகொள்ள முடியும். படிக்க ஒரு நேரம், ஓர் இடம், அந்த நேரத்தில் கைபேசி ஒதுங்கியிருப்பது ஆகியவற்றுக்கு மேல் பெற்றோரிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கூட்டங்களைப் பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரு நேரங்களில் வைத்து, சிறு குழந்தைகளை அழைத்துவரலாம் என்று அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேடைப்பேச்சைக் குறைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, மாணவனையும் உட்காரவைத்து, அவனுடைய நோட்டுப்புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசுவது நலம். முதலில் பெற்றோர் பேசட்டும். வீட்டில் அவன் எதில் ஆர்வம் காட்டுகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பது ஆசிரியருக்குத் தெரியாத செய்தி. மற்ற பெற்றோர் முன்னிலையில் மதிப்பெண்ணை வாசிக்கும் வழக்கத்தை உடனே நிறுத்திவிடுங்கள்.

பெற்றோர் குழுக்களும் தேவைதான், நிர்வாகத்துக்கு அவை நல்ல காவல். அவற்றால் மட்டும் ஒரு மாணவனின் வாசிப்பு உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாத இறுதியில் கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், தன் பிள்ளையைப் பற்றிய குறிப்பான செய்தி ஒன்றாவது சென்றுசேர்ந்த குடும்பங்களை வகுப்புப் பட்டியலில் குறியிட்டுப் பாருங்கள். குறி விழாத பெயர்களில் பெரும்பாலானவை, தொல்லையும் தராமல் முதலிடமும் பெறாமல் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுடையவையாக இருக்கும். அடுத்த மாதத்தின் முதல் அழைப்புகள் அந்த வீடுகளுக்குப் போகட்டும்.